செவியினுள் பொருத்திய கருவி பழுதுற்றால்

பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத குழந்தையின் உட்செவியில் மின்கருவி ஒன்றைப் பொருத்திக் கேட்கச் செய்வது இன்று நம் நாட்டில் அரிய செயலன்று. ‘காக்ளியர் இம்ப்ளான்ட்’ என வழங்கும் அக்கருவியைப் பற்றி வாசகர்கள் நாளிதழ்கள் வாயிலாக அறிந்திருப்பார்கள். ஆயினும் அதுவும் மனிதன் ஆக்கிய பொருளே. ஆண்டுகள் செல்லச் செல்ல அது பழுதுபடலாம். எதிர்பாராத வேளையில் அடியோடு நின்றும் போகலாம். அவ்வாறு நின்றுபோனதை எடுத்துவிட்டு அதே செவியில் வேறொன்றைப் பொருத்த இயலுமா? பொருத்தினால் முன்போலவே கேட்குமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில், பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப் பாதை மாநில எல்லையைக் கடக்கும் பகுதியில், மீனாட்சிபுரம் என்னும் ஊர் உள்ளது. இதனைச் சூழ்ந்த சித்தூர் வட்டத்தில் வீட்டில் தமிழ் பேசுவோர் பலர். அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் மலையாளமே பெருவழக்கு. இத்தகைய எல்லையூர்களில் வாழும் குடும்பத்துக்கு மேற்சொன்ன வினாக்களுடன் வேறிரண்டும் சேர்ந்துகொள்கின்றன. குழந்தையின் கேட்கும் திறனை எம்மொழியில் அளப்பது? உதவிக்கு எம்மாநிலத்தின் கதவைத் தட்டுவது? இவற்றைப் பின்னர்க் காண்போம். முதலில் கருவி செய்யும் வேலையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

உட்செவியில் காக்ளியா எனப்படும் நத்தைச் சுருள் உள்ளது. அதனை நீட்டினால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் இருக்கும். அதனுள் வரிசையாக அமைந்த மயிரணுக்கள் ஒலியதிர்வை மின்துடிப்பாக மாற்றிச் செவிநரம்புக்கு அளிக்கின்றன. சுருளின் வாயிலருகே உள்ளவை கீச்சென்ற உயரொலியையும், உச்சியிலுள்ளவை கனத்த தாழொலியையும் உணர்கின்றன. வீணையின் தண்டில் மெட்டுக்கள் அமைந்திருப்பதுபோல ஒவ்வொரு ஒலிக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. மயிரணுக்கள் அழிந்தோ பிறவியிலேயே பயனற்றோ போயிருந்தால், காதின் பின்புறம் அணியும் வெளிக்கருவி ஓசையைப் பகுத்து, காயில் என்னும் வட்டத் தகட்டின் வழியே வானொலி அலையாகத் தோலுக்கு அப்பால் செலுத்துகிறது. தோலின் கீழே மண்டையெலும்பின்மேல் பதிந்துள்ள உட்கருவி அதை ஏற்று, சுருளினுள் நுழைத்துள்ள மெல்லிய மின்வாய் வரிசைக்கு அனுப்புகிறது. மின்வாய்கள் மயிரணுக்களின் உதவியின்றி நரம்பை நேராகவே தூண்டுகின்றன. நிறுவனத்துக்கேற்ப மின்வாய்களின் எண்ணிக்கை 12 முதல் 22 வரை இருக்கும். சுமார் 3,500 உள்மயிரணுக்கள் செய்யும் வேலையை இச்சிறு எண்ணிக்கை ஏற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், கேட்பதில் பெரும்பங்கு மூளையுடையதே என்பது புலனாகும்.

மாற்றிப் பொருத்துதலின் வரலாறு, பொருத்துதலின் வரலாற்றோடு ஒன்றாகவே தொடங்குகிறது. 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் பாரிஸ் நகரில் ஷார்ல் எய்ரியே என்னும் காதுநோய் மருத்துவர், இரு செவிகளும் முற்றும் கேளாத ஒருவருக்கு, ஆந்த்ரே ஜூர்னோ என்னும் உடலியங்கியல் அறிஞர் தம் கையால் செய்த கம்பிச் சுருளைப் பொருத்தினார். இன்றுபோல் நத்தைச் சுருளினுள் அன்று மின்வாய் செல்லவில்லை; செவிநரம்பின் எஞ்சிய முனையருகே அது வைக்கப்பட்டது. நோயாளி ஓசையின் தாளத்தை உணர்ந்தார். பழகிய சில சொற்களை அடையாளம் கண்டார். பிறர் உதட்டசைவைப் படிப்பதற்கு அவ்வோசை துணையாயிற்று. சில காலத்துக்குள் கருவி பழுதுற்றது. எய்ரியே அதனை எடுத்துவிட்டு இரண்டாவது கருவியைப் பொருத்தினார். அதுவும் பழுதாயிற்று. மூன்றாம் முறை கத்தியை எடுக்க அவர் இசையவில்லை. உலகின் முதல் செவிநரம்புக் கருவியைப் பெற்றவரே மாற்றுக் கருவியைப் பெற்ற முதல்வரும் ஆவார். அவ்விரண்டையும் இழந்தவரும் அவரே.

நரம்பு உயிரோடிருந்தும் கம்பி முறிந்ததால் ஒருவர் மீண்டும் நிசப்தத்தில் ஆழ்ந்தார் என்பதே அந்நிகழ்ச்சி கற்பித்த பாடம். பின்வந்தோர் அதை மறக்கவில்லை. 1961-இல் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸும், 1977-இல் வியன்னாவில் ஹோக்மையர் தம்பதியரும், 1978-இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க்கும் உருவாக்கிய கருவிகளில் மின்னியல் நுட்பத்துக்கு ஈடாக உறையின் உறுதிக்கும் உழைப்புச் செலவிட நேர்ந்தது. உடலின் உள்ளே உப்பு நீர் எங்கும் உண்டு. அதன் ஒரு துளி உறையினுள் புகுந்தாலும் கருவிக்கு இறுதிதான். ஆகவே உட்கருவியை டைட்டானியம் அல்லது பீங்கான் கூட்டினுள் காற்றுப் புகாவண்ணம் அடைக்கின்றனர்.

பழுதின் வகைகள்

இன்றைய கருவிகள் மிகப் பெரும்பாலானவை பல ஆண்டுகள் பழுதின்றி உழைக்கின்றன. ஆயினும் விதிவிலக்குகள் உண்டு. 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் காக்ளியர் நிறுவனம் தன் சி.ஐ.500 வரிசைக் கருவிகளில் பொருத்தப்படாதவற்றைத் தானாகவே திரும்பப் பெற்றது. கூட்டின் இணைப்பில் நுண்ணிய வெடிப்புத் தோன்றி ஈரம் புகுந்ததே காரணம். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அட்வான்ஸ்டு பயோனிக்ஸ் நிறுவனமும் தன் ஹைரெஸ் அல்ட்ரா வகையின் முதல் தயாரிப்புக்களை இதனையொத்த காரணத்தால் திரும்பப் பெற்றது. இச்செய்திகளைக் கேட்டு அஞ்சுவோர், குறை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வகையிலும் நூற்றுக்கு எத்தனை கருவிகள் எத்தனை ஆண்டு நின்றன என்னும் கணக்கை நிறுவனங்கள் வெளியிட்டு வருகின்றன. பொருத்துமுன் அக்கணக்கைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமையாகும்.

ஈரத்தை அடுத்து வருவது அடி. ஓடியாடும் பருவத்தில் தலையில் அடிபடுவது சகஜம். குழந்தைகளிடம் பழுது பெரியோரைவிட மிகுதியாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

கருவி அடியோடு நின்றுவிட்டால் குழப்பமில்லை. வெளிக்கருவியை மாற்றிப் பார்த்தும் உட்கருவி பதில் தராது. கணிப்பொறித் திரையிலேயே அது தெரிந்துவிடும். இதனை வன்பழுது என்பர். மருத்துவர்களைச் சோதிப்பது மற்றொரு வகை. சோதனையில் கருவி சரியாக இயங்குவதாகவே காட்டும். நோயாளியோ, “பேச்சு தெளிவில்லை, நடுநடுவே அறுகிறது, வெடியோசை கேட்கிறது, முகம் துடிக்கிறது” என்பார். இதற்கு மென்பழுது என்று பெயர். வேறு காரணங்கள் யாவற்றையும் விலக்கிய பிறகே இம்முடிவுக்கு வரலாம். கருவியை வெளியில் எடுத்து ஆராயும்போதுதான் ஐயம் முற்றும் தீரும். மூன்றாவதாக, கருவியில் குறையின்றியே சீழ் பிடித்தல், தோல் கிழிதல், மின்வாய் இடம் பெயர்தல் ஆகியவற்றால் அதை எடுக்க நேர்வதும் உண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கை. கேட்காமற்போகும் குழந்தைகளில் பலருக்குக் குறை உட்கருவியில் இராது. கம்பி அறுந்திருக்கும், மின்கலம் தீர்ந்திருக்கும், தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் ஒலிவாங்கி கெட்டிருக்கும். பாலக்காட்டுக் கணவாயின் பலத்த காற்று ஒலிவாங்கியில் மோதி இரைவதைக்கூடப் பழுதென்று கொள்ளக் கூடும். இரவில் வெளிக்கருவியை ஈரமுறிஞ்சும் மணிகள் இட்ட பெட்டியில் வைப்பதும், மாற்றுக் கம்பி ஒன்று கைவசம் இருப்பதும் வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

மாற்றும் முறை

மாற்று அறுவையில் மருத்துவர் முந்தைய தழும்பின் வழியே செல்கிறார். எலும்பை முன்னரே குடைந்திருப்பதால் அவ்வேலை பெரிதும் மிச்சம். நுட்பமெல்லாம் மின்வாயை உருவும் கட்டத்தில் உள்ளது. சுருளினுள் ஆண்டுக்கணக்கில் கிடந்த மின்வாயைச் சுற்றி உடல் மெல்லிய நார்த்திசு உறை ஒன்றைப் பின்னியிருக்கும். பழைய மின்வாயை உருவியதும் அவ்வுறை குழல்போல் நிற்கிறது. புதியதை உடனே அதன் வழியே நுழைத்தால் வழுக்கிச் செல்லும். தாமதித்தால் குழல் சுருங்கிவிடும். எனவே புதிய கருவியை முற்றும் ஆயத்தம் செய்து வைத்துக்கொண்டு, அதன் பின்னரே பழைய மின்வாயை உருவுகின்றனர். சீழ் காரணமாக உடனே மாற்ற இயலாதபோது உட்கருவியை மட்டும் வெட்டியெடுத்து, மின்வாயைச் சுருளினுள்ளேயே சில மாதம் விட்டுவைப்பர். பயனற்ற கம்பியை ஏன் உள்ளே விட்டார்கள் என்று பெற்றோர் வருந்த வேண்டுவதில்லை. வருங்கால மின்வாய்க்கு அது வழிகாத்து நிற்கிறது. மூளைக்காய்ச்சலால் செவி இழந்தோரிடம் சுருளினுள் எலும்பு வளர்ந்திருக்கக் கூடுமாதலால் அவர்கள் நிலை கடினமானது.

திரும்பி வரும் ஒலி

இனி முக்கிய வினாவுக்கு வருவோம். மாற்றுக் கருவியால் பெரும்பாலோர் முன்பிருந்த அளவு கேட்கும் திறனைத் திரும்பப் பெறுகின்றனர்; சிலர் அதனினும் மேலாகவே கேட்கின்றனர்; ஒரு சிறு பகுதியினருக்குச் சற்றுக் குறைகிறது. பல நாட்டு மருத்துவமனைகளின் அனுபவமும் இதுவே. முதன்முறை பேச்சை விளங்கிக்கொள்ள ஆண்டுகள் தேவைப்பட்ட குழந்தை, இரண்டாம் முறை சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் பழைய நிலையை எட்டுகிறது. கற்றது கருவியில் இல்லை, மூளையில் உள்ளது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

எனினும் புதிய கருவியை இயக்கிய முதல் நாளிலேயே, “பழைய குரல் இல்லையே” என்று பலர் திகைக்கின்றனர். காரணத்தை அறிந்தால் திகைப்பு நீங்கும். நத்தைச் சுருளின் பெரும்பகுதியில் ஒரு ஸ்தாயி முழுவதும் ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டருக்குள் அடங்கியுள்ளது. ஆகவே புதிய மின்வாய் பழையதைவிட ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைவாக நுழைந்தாலும், ஒவ்வொரு ஒலியும் இரண்டு சுரஸ்தானங்களுக்கு மேல் இடம் மாறிவிடும். தாயின் குரல் கீச்சென்று ஒலிப்பதாகக் குழந்தை சொன்னால் அது கற்பனையன்று. நரம்பில் வேறிடம் தூண்டப்படுகிறது. மூளை புதிய இடக்கணக்கை நாளடைவில் ஏற்றுக்கொள்கிறது. மின்வாய்களின் எண்ணிக்கை குறைந்தாலோ, பாதிதான் உள்ளே சென்றிருந்தாலோ, ஏற்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

தமிழ்ச் சொற்களை வைத்து இதனை ஆராய்வது சுவையானது. கருவி ஒலியின் காலவளவை மிக நன்றாகவும், ஒலியின் நுண்ணிய நிறவேறுபாட்டைக் குறைவாகவும் உணர்த்துகிறது. எனவே ‘படம்–பாடம்’, ‘கல்–கால்’, ‘பட்டு–பாட்டு’ முதலிய குறில்நெடில் வேறுபாடுகள் விரைவில் திரும்பும் என எதிர்பார்க்கலாம். ‘தாய்–காய்–பாய்’ என்பவற்றில் அளவு ஒன்றே. முதலெழுத்து வாயில் பிறக்கும் இடம் மட்டும் வேறு. இவற்றுக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும். ‘புலி–புளி’, ‘மனம்–மணம்’ ஆகியவை இன்னும் கடினம். செவி நல்ல பெரியோர்களே இரைச்சலில் இவற்றை மயங்கிக் கேட்பதை நாம் அறிவோம். ஆகையால் மாற்றுக் கருவி இயங்கிய முதல் வாரத்தில் ‘புளி’ என்பதைப் ‘புலி’ என்று குழந்தை சொல்வதைக் கொண்டு சிகிச்சை தோற்றதாகக் கொள்ளல் ஆகாது. குறிலும் நெடிலும் பல வாரங்களாகியும் பிரியவில்லையெனில் அப்போது கவலைப்பட வேண்டும்.

எல்லையூரில் மொழி ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும். தமிழிலேயே பேசக் கற்ற குழந்தையை மலையாளச் சொற்பட்டியலால் சோதித்தால், கிடைக்கும் மதிப்பெண்ணில் செவியின் குறை எவ்வளவு, மொழியறியாமை எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. முதல் கருவியுடன் எம்மொழியில், எப்பட்டியலைக் கொண்டு சோதித்தனரோ, அதே மொழியில் அதே பட்டியலைக் கொண்டே மாற்றுக் கருவியையும் சோதித்தல் வேண்டும். பழைய அளவு இருந்தாலன்றிப் புதிய அளவுக்குப் பொருளில்லை. பொள்ளாச்சி, கோயம்புத்தூர் பக்கம் சென்றால் தமிழில் சோதிப்பது எளிது. பாலக்காடு, கோழிக்கோடு செல்வோர் தமிழ்ப் பட்டியல் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்பது நலம்.

காலம் என்னும் அளவை

இவை யாவற்றினும் பெற்றோரின் கையிலுள்ளது காலம். பிறவிச் செவிடான குழந்தையின் மூளை ஒலியை ஏற்கப் பழகும் பொன்னான பருவம் முதல் மூன்று, மூன்றரை ஆண்டுகளே. அதற்குள் முதல் கருவி பெற்று, பேச்சு அரைகுறையாய் முளைத்திருக்கும் வேளையில் கருவி நின்று, மாற்றுக் கருவிக்கு ஓராண்டு காத்திருக்க நேர்ந்தால், அவ்வோராண்டு வெறும் காத்திருப்பு அன்று; கற்ற சொற்கள் உதிரும் காலம். பேச்சு நன்கு வேரூன்றிய பத்து வயதுச் சிறுவனுக்கு அவ்வளவு கேடு நேராது. எனினும் அவனுக்கும் பள்ளிப் பாடம் காத்திராது.

சிறு குழந்தை, “எனக்குக் கேட்கவில்லை” என்று சொல்வதில்லை. கருவியைத் தானே கழற்றி எறியும்; கூப்பிட்டால் திரும்பாது; ‘ச’கர ஒலியைப் பேச்சில் விட்டுவிடும்; பிடிவாதம் என்று பெரியோர் கண்டிப்பர். இதற்கு டேனியல் லிங் என்னும் அறிஞர் வகுத்த எளிய சோதனை துணைசெய்யும். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகளை, வாயை மறைத்துக்கொண்டு, நாள்தோறும் காலையில் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். குழந்தை கையுயர்த்தவோ திருப்பிச் சொல்லவோ வேண்டும். விநாடிக்கு 250 அதிர்வுள்ள ‘ம்’ முதல் 4,000-க்கு மேற்பட்ட ‘ஸ்’ வரை பேச்சொலியின் முழு வீச்சும் இவ்வாறனுள் அடக்கம். நேற்றுவரை கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லையெனில் முதலில் கம்பியை மாற்றுக. மறுநாளும் கேட்கவில்லையெனில் ஆடியாலஜிஸ்டிடம் செல்லுக.

செலவைப் பற்றியும் கூறுதல் வேண்டும். மத்திய அரசின் அடிப் திட்டம் 2014-இல் திருத்தப்பட்டபோது, ஆண்டுக்கு 500 குழந்தைகளுக்கு, கருவி ஒன்றுக்கு ரூ. 6 இலட்சம் வரை அளிக்க வகை செய்தது. கேரள அரசு 2012-இல் தொடங்கிய சுருதி தரங்கம் திட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகள் கருவி பெற்றனர்; 2023-இல் அது மாநில சுகாதார முகமையின் பொறுப்புக்கு மாறியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இவ்வறுவையை ஏற்கிறது. மாநிலத் திட்டங்கள் அவ்வம்மாநிலக் குடிகளுக்கே உரியவை. ஆகவே மீனாட்சிபுரத்துக் குடும்பம் கோயம்புத்தூரை அண்மையில் கொண்டிருப்பினும், உதவிக்குத் தன் குடும்ப அட்டை எந்த மாநிலத்தது என்பதையே நோக்க வேண்டும்.

இத்திட்டங்கள் யாவும் முதல் கருவியை மனத்திற்கொண்டு பிறந்தவை; இரண்டாவது கருவியை எண்ணிப் பார்ப்பது எளிதில் விடுபட்டுப் போகும். ஆயினும் உட்கருவிக்கு நிறுவனங்கள் பெரும்பாலும் பத்தாண்டு உத்தரவாதம் தருகின்றன. அக்காலத்துக்குள் கருவி தானே பழுதுற்றால் மாற்றுக் கருவியை அவையே தருவது வழக்கம். மருத்துவமனைச் செலவு அதில் அடங்குமா என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும். வெளிக்கருவியின் உத்தரவாதம் இதனினும் குறுகியது. ஒரு நிறுவனத்தின் வெளிக்கருவி வேறொரு நிறுவனத்தின் உட்கருவியோடு இணங்காது. எனவே நிறுவனம் மாறினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற நேரும்.

ஆதலின் முதல் அறுவையின்போதே கருவியின் பெயர், வரிசை எண், பொருத்திய நாள் ஆகியவை கொண்ட அட்டையை வாங்கிக் குடும்ப அட்டையுடன் பத்திரப்படுத்த வேண்டும். ஒவ்வொரு மின்வாய்க்கும் எவ்வளவு மின்சாரம் என்று நிபுணர் வகுத்த அளவுக்கு மேப் என்று பெயர். அதன் கடைசிப் படியையும், தமிழ்ச் சொற்பட்டியலில் குழந்தை பெற்ற மதிப்பெண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுதல் நன்று. புதிய கருவிக்குப் பழைய மேப் அப்படியே பொருந்தாது; மின்வாய் இருக்குமிடமும் அதைச் சூழ்ந்த திசுவும் மாறியிருக்கும். எனினும் எங்கிருந்து தொடங்குவது என்பதை நிபுணருக்கு அது காட்டும். அறுவை முடிந்து காயம் ஆறச் சில வாரங்கள் ஆகும். கருவியை இயக்கும் நாளன்று மின்னளவைத் தாழ்த்தி வைத்துப் படிப்படியாக உயர்த்துவார்கள். அன்று மாலை வீடு திரும்பியதும் ஆறு ஒலிகளையும் சொல்லிப் பார்த்து, எவை கேட்டன என்பதை நாளிட்டு நோட்டில் குறித்துவரத் தொடங்கலாம். அடுத்த மேப்பிங்குக்குச் செல்லும்போது நிபுணர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.